உப்புநீர்க் கூண்டின் எலிகள் ஏன் தேறின?

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாற்காலியிலிருந்து கிடைத்தது. கொரியாவின் வோன்ஜு நகர நூலகத்தில் நடக்கும் மாலை எழுத்து வகுப்பில், கதவுக்கு மிக அருகில் இருக்கும் நாற்காலி. அங்கே குளிர்காற்று அடிக்கும். வருகிறவர் போகிறவரெல்லாம் தோளில் இடிப்பார்கள். ஆனாலும் ஒரு பெண் எல்லோருக்கும் முன்னதாக வந்து அதைப் பிடித்துவிடுவாள். பாடம் பிடிக்காவிட்டால் எழுந்து போகத் தோதாக உட்கார்ந்திருக்கிறாள், திமிர்பிடித்தவள் என்று நினைத்தேன். பாதி வகுப்பில் எழுந்தும் போவாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கும்.

வாசலுக்கு நேர் எதிரே கழிப்பறை இருப்பதை நான் கவனிக்கச் சில வாரங்கள் ஆயின.

"எழுதிக்கோ," என்றாள் ஒருநாள், வகுப்பு முடிந்து கஞ்சிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது. "ஆனா பேரை மாத்திடு. ஊரை மாத்தாத. ஊர் எனக்குப் பிடிக்கும்."

பேரை மாற்றிவிட்டேன். இனி அவள் ஸெரின். பல்கலைக்கழகத்தின் பால் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அவளுக்குப் பெருங்குடலில் புண். ஏதோ சேராமல் வந்து போகிற வயிற்றுக் கடுப்பு அல்ல. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்காரனை அடிக்கிற மாதிரி, உடம்பு தன்னைத்தானே அடித்துக்கொள்கிற நோய். ஆறும், திரும்ப வரும், மறுபடி ஆறும். ஏன் என்று கேட்டால் டாக்டர்களும் கையை விரிப்பார்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னது முழுவதையும் நான் நம்பவில்லை. சந்தேகம் வந்த இடங்களை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். அடைப்புக்குறிகள் பெருகினால் என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: அன்று காலை ஸெரின் கூண்டைத் திறந்தபோது, நோயில் கிடக்க வேண்டிய எலிகள்—

இல்லை. எலிகள் எதற்காக நோயில் கிடக்க வேண்டும் என்று வாசகருக்கு இன்னும் தெரியாது.

இரண்டாம் தொடக்கம்: பால் என்பது வெறும் வெள்ளைத் தண்ணீர் அல்ல. பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: உப்புநீர்க் கூண்டின் எலிகள் தேறிவிட்டன. இவ்வளவு சீக்கிரம் தேறியிருக்கக் கூடாது.

இது இருக்கட்டும். ஆனால் விளக்க வேண்டும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த சின்னத் தட்டுகளை மேசையில் இப்படியும் அப்படியும் நகர்த்தி ஸெரின் எனக்கு விளக்கியதையே சொல்கிறேன்.

பாலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. மாட்டின் மடியிலுள்ள செல்கள் கட்டி அனுப்புகிற பொட்டலங்கள் அவை. வெளியே கொழுப்புத் தோல், உள்ளே ஏதேதோ செய்திகள். அவற்றில் கொஞ்சமாவது வயிற்று அமிலத்துக்குத் தப்பிக் குடல்வரை போய்ச் சேர்கிறது என்பது அவள் ஆய்வுக்கூடத்தின் நம்பிக்கை. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. புண்ணான குடலில் அந்தக் குடித்தனம் கலைந்து கிடக்கும். நல்லது செய்பவை குறைந்து, வம்பு செய்பவை பெருத்துவிடும். பால் துகள்கள் போய் அதை ஒழுங்குக்குக் கொண்டுவருமா, அதனால் புண் ஆறுமா? இதுதான் கேள்வி.

எலிகளுக்குக் குடிநீரில் ஒரு பொடியைக் கலந்து குடலைப் புண்ணாக்குவார்கள். பிறகு ஒரு கூண்டுக்குப் பால் துகள். அடுத்த கூண்டுக்கு வெறும் உப்புநீர். இரண்டையும் சிறு குழாயால் வாய்வழியே கொடுப்பார்கள். பால் கூண்டு தேறி, உப்புநீர்க் கூண்டு பின்தங்க வேண்டும். இரண்டும் தேறினால் பால் எதையும் செய்யவில்லை, எலிகள் தாமாகவே தேறிக்கொண்டன என்றாகிவிடும்.

முதலில் பால் கூண்டு தேறியது. ஆய்வுக்கூடத்தில் கைதட்டினார்கள். கொஞ்ச நாளில் உப்புநீர்க் கூண்டும் தேறியது. ரத்தம் நின்று, எடை ஏறி, ரோமம் பளபளத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒரு பிராணி குணமானதற்கு யாராவது வருத்தப்படுவார்களா என்று ஸெரினிடம் கேட்டேன். "கழிப்பறைக்குப் போய் அழுதேன்," என்றாள்.)

3

அவள் அழுததற்குக் காரணம் இதுதான்: அந்தப் பால் துகள்களை அவளும் குடித்துக்கொண்டிருந்தாள்.

(இந்த வாக்கியத்தை மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் வைத்தால் வாசகர் திடுக்கிடுவார். ஆனால் ஒளித்துவைக்கிற வேலையை ஸெரின் ஏற்கெனவே நிறையச் செய்துவிட்டாள். நானும் சேர வேண்டாம்.)

எலிகளுக்குத் தயாரித்ததில் மிஞ்சியதை எடுத்துவைத்துக்கொண்டு, தினமும் காலையில் ஒரு கரண்டி. பால் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும் என்றாள். வசந்த காலத்தில் அவளுடைய டாக்டர், டாக்டர் கில், கணினித் திரையைப் பார்த்தபடியே சொல்லியிருந்தார்: அடுத்த குடல் பரிசோதனையிலும் புண் ஆறியிருக்காவிட்டால் ஊசி மருந்து. அதுவும் கேட்காமல் போனால், என்றைக்காவது பெருங்குடலையே எடுக்க வேண்டி வரும்.

அவள் மாத்திரையை நிறுத்தினாள். பால் துகளைத் தொடங்கினாள்.

"லூசா நீ?" என்றேன். "மாத்திரையை எதுக்கு நிறுத்தின? ரெண்டையும் சாப்பிட வேண்டியதுதானே?"

"ரெண்டையும் சேத்து சாப்ட்டா எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?" ஏதோ நான்தான் அசட்டுத்தனமாகப் பேசிவிட்டதுபோல் பார்த்தாள். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். அதான் முறை."

"நீ எலி இல்லையே."

"எலியா இருந்தாத் தேவலை. ஒத்துப் பாக்கப் பக்கத்துல இன்னொரு கூண்டாவது இருக்கும்."

ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது. மற்றவர்களாக இருந்தால் மாத்திரையை விழுங்கி, பாலையும் குடித்து, மலைமேல் இருக்கும் புத்தர் கோயிலில் ஒரு விளக்கையும் ஏற்றிவிட்டு, எதனால் குணமானால் என்ன என்று போயிருப்பார்கள்.

அவளுக்குக் குணமானது. ரத்தம் நின்றது. எந்தெந்தப் பேருந்து நிறுத்தத்தில் கழிப்பறை உண்டு என்று மனப்பாடமாக இருந்த பட்டியல் மறக்கத் தொடங்கியது. ஒருநாள் கிம்ச்சியில், மிளகாயில் புளிக்கவைத்த அந்தக் கோஸ் ஊறுகாயில், ஒரு துண்டைத் தண்ணீரில் அலசித் தின்றுபார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் அலசாமல் தின்றாள்.

அந்த வாரம்தான் உப்புநீர்க் கூண்டு தேறியது.

பால் ஒன்றுமில்லை என்றால், அவள் குணமும் நோய் கொஞ்சம் கண் அயர்ந்த நேரம் மட்டுமே. மாத்திரையை நிறுத்தியது வீண் விபரீதம். எப்போது வேண்டுமானாலும் எல்லாம் திரும்பி வரலாம். ஆகவே அந்த எலிகள் தாமாகத் தேறியிருக்கக் கூடாது. யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும்.

4

குற்றவாளி வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டால் ஆள் கிடைக்காமலா போவான்? கிடைத்தவன் கியூவோன்.

அவளுக்கு இரண்டு வருடம் இளையவன், அதே ஆய்வுக்கூடம், எலிகளுக்கு மருந்து கொடுக்கும் வேலையை அவளோடு பங்குபோட்டுக்கொண்டவன். மதிய உணவில் மற்றவர்கள் நடுவில் கொதிக்கும் குழம்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கரண்டியை விடுவார்கள். ஸெரின் அந்த மிளகாய்ச் சிவப்பைத் தாங்க மாட்டாதவளாய் ஓர் ஓரத்தில் கஞ்சியோடு இருப்பாள். கியூவோன் தன் சாப்பாட்டை முடித்துவிட்டு எதிரில் வந்து உட்காருவான். ஒருவர் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது.

"என்னக்கா, இன்னிக்கும் கஞ்சியா? பல்லெல்லாம் கொட்டிடுச்சா?"

"நீ சாப்ட்டாச்சுல்ல? எந்திரிச்சுப் போ."

"தனியா விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னை வீட்டுல சேத்துக்க மாட்டாங்க."

"உப்புநீர்க் கூண்டுக்கு எதுலேருந்து எடுத்துக் கொடுத்த?"

"விசாரணையா? போலீஸ் ஸ்டேஷன்லகூட ஒரு காபி வாங்கிக் கொடுத்துட்டுத்தான் கேப்பாங்க."

"கியூவோன்."

"உப்புநீர்னு எழுதியிருக்கிற பாட்டில்லேருந்துக்கா. வேற எதுலேருந்து கொடுப்பேன், என் சூப்புலேருந்தா?" பிறகு, யாரும் கேட்காமலே, "நான் கூண்டை ஒண்ணும் பண்ணல," என்றான்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை. ஸெரின் கேட்டது பாட்டிலைப் பற்றி. அவன் கூண்டைப் பற்றிச் சொல்கிறான். சந்தேகப் பேயான அவள் இதைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. உப்புநீர் என்று எழுதியிருக்கிற பாட்டில் என்ற சொற்களிலேயே அவள் கவனம் முழுவதும் போய்விட்டது.

5

குளிர்பெட்டியில் அப்படி எழுதிய பாட்டில்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் உப்புநீர். மற்றதில் ஸெரினின் பங்கு. யாரும் தொடாமல் இருக்கட்டும் என்று, இருப்பதிலேயே மதிப்பில்லாத பொருளின் பெயரை அதில் எழுதி ஒட்டியிருந்தாள்.

இங்கேதான் நான் அவளை முதன்முறையாகச் சந்தேகப்பட்டேன். கதையில் குற்றவாளியைத் தேடி அலைகிறவளே குற்றவாளியோ?

ஒருவேளை கியூவோன் அவள் பாட்டிலிலிருந்து எடுத்திருக்கலாம். அப்படியானால் இரண்டு கூண்டும் பால் துகளைத்தான் குடித்தன, இரண்டும் தேறின, பால் வேலை செய்கிறது. ஆனால் பரிசோதனையைக் கெடுத்தவள் ஸெரின். திருடியவளும் அவளே. பட்டம் போகும். மானம் போகும்.

அவன் எடுக்காமலும் இருந்திருக்கலாம். அப்படியானால் அவள் பேரில் ஒரு குற்றமும் இல்லை. பால் வெறும் பால்.

"எதுவா இருக்கணும்னு நினைச்ச?" என்று கேட்டேன்.

"முதல்ல சொன்னது," என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

திருடி என்ற பெயரோடு வெளியே போனாலும் பரவாயில்லை, ஆறுகிற நோயாக இருந்தால் போதும். இதைக் கேட்டபோது அவளை நம்பினேன். கதை முழுவதிலும் நான் அடைப்புக்குறி போடாமல் நம்பிய இடம் இது ஒன்றுதான்.

(ஆனால் எனக்கும் முதல் வகையே பிடித்திருந்தது. தன் பொய்யே தன்னைக் காப்பாற்றிய பெண்! எழுதத் தோதான கதை. எழுதத் தோதாக இருக்கிறதே என்பதற்காகவே அதைச் சந்தேகித்து இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.)

6

சாப்பாட்டு மேசையில் பேசியதற்கு மறுநாள் காலை ஸெரின் கியூவோனைக் குளிர்பெட்டி முன்னால் நிறுத்தினாள். தன் பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"இதுலேருந்தா எடுத்த?"

"இல்லையே. மேல் தட்டுல இருக்கிறது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாத்தான் பாக்கிறேன். நம்மது வெள்ளை மூடி. இது நீலம். இது யாரோடதுக்கா?"

"ஒரு தடவை கூட இதைத் தொடலையா? அவசரத்துல? கை தவறி?"

"நான் தொட்டிருக்கணும்னு ஆசைப்படுற மாதிரிக் கேக்கிறீங்க."

கியூவோன் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உப்புநீர் தெளிவாக இருக்கும். இது லேசாகக் கலங்கியிருந்தது.

"என்னோடது," என்றாள். "பால் துகள். நான் குடிக்கிறேன். எனக்குக் குடல்ல புண்."

எதற்கும் ஒரு கேலி கைவசம் வைத்திருப்பவன், அன்று முதலில் பாட்டிலை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தான்.

"அதான் கஞ்சியா," என்றான் பிறகு. "நான் என்னடான்னா உடம்பு இளைக்கப் பட்டினி கிடக்கிறீங்கன்னு பாட்டா பாடிட்டிருந்தேன்." குளிர்பெட்டிக் கதவைச் சாத்தினான். "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். எலி நினைவு நாள் அன்னிக்கு..."

ஆண்டுக்கொரு முறை ஆய்வுக்கூடத்தின் பின்புறம் இருக்கும் நினைவுக்கல்லின் முன்னால் எல்லோரும் கறுப்பு உடையில் கூடுவார்கள். ஆப்பிளும் அரிசிப் பணியாரமும் எலித்தீனியும் படைத்து, அந்த ஆண்டு ஆராய்ச்சியில் செத்த பிராணிகளுக்காகக் குனிந்து நிற்பார்கள். அன்று காலைதான் பால் கூண்டின் எலிகளைக் கொன்று குடலைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் கூடுதலாகக் கவனிப்பதற்கென்று ஒன்றை மட்டும் விட்டிருந்தார்கள். சடங்கு முடிந்து கியூவோன் உள்ளே வந்தான்.

"மூலையில உக்காந்து ஒண்டியாத் தின்னுட்டிருந்துச்சுக்கா. இப்பதான் வெளிய கல்லு முன்னாடி மன்னிச்சுக்கோங்கன்னு குனிஞ்சுட்டு வந்திருக்கேன். உள்ள பாத்தா இது. எப்படி விட்டுட்டுப் போறது?"

"என்ன பண்ணின?"

"பக்கத்துக் கூண்டுல விட்டேன்."

"உப்புநீர்க் கூண்டுலயா?"

"அதுல ஒண்ணு செத்துப்போயிருந்துச்சு. எண்ணிக்கை சரியாப்போச்சு. செத்தது பால் கூண்டு எலின்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க, நீங்களும் கவனிக்கல. எல்லாம் பொண்ணுங்கதானே, சண்டை போடாதுன்னு..." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ரொம்பப் பெரிய தப்பாக்கா?"

ஸெரின் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றது தின்னும். ஒரே கூண்டில் வாழ்கிற எலிகளின் குடலில் நாளடைவில் ஒரே பாக்டீரியாக் குடித்தனம்தான் இருக்கும். பால் குடித்துத் தேறிய அந்த எலி, தன் புழுக்கையில் வைத்து அந்தக் குடித்தனத்தைப் பக்கத்து வீட்டாருக்குப் பரிமாறியிருக்கிறது. அவை ஒரு சொட்டுப் பாலும் குடிக்காமல் தேறின. துகள் பாக்டீரியாவை மாற்றுகிறது, பாக்டீரியா புண்ணை ஆற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பால் வேலை செய்கிறது. அவளும் குற்றவாளி இல்லை.

"தப்புப் பண்ணினவனுக்கு மாட்டுக்கறி சூப் வாங்கிக் கொடுத்தது உலகத்துலயே நான் ஒருத்திதான்," என்றாள் என்னிடம்.

7

இந்த இடத்தில் கதையை முடித்து ஒரு பிரதி எடுத்துவைத்தேன். நல்ல முடிவு. வகுப்பில் பாராட்டுவார்கள். மறுநாள் படித்துப் பார்த்தபோது குமட்டியது.

ஆய்வுக்கூடத்தின் தலைவியான பேராசிரியர் ப்யோவை நான் விட்டுவிட்டேன். ஸெரினும் அவரை விட்டுவிட்டுத்தான் கதையைச் சொன்னாள். நான் துருவிக் கேட்ட பிறகே வாயைத் திறந்தாள்.

பேராசிரியர் இருவரையும் உட்காரவைத்து முழுவதையும் கேட்டார்.

"அந்த எலியை மாத்தின அதே வாரம் தண்ணியில பொடி கலக்கிறதையும் நிறுத்திட்டோமே, அதை மறந்துட்டீங்களா?" என்றார்.

ஸெரின் மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தாள்.

"பொடி நின்னா எலி தானாவும் தேறும், மேடம். ஆனா இவ்வளவு வேகமா..."

"சில நேரம் வேகமாவும் தேறும். இந்தப் புழுக்கைக் கதை எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. உண்மையாக்கூட இருக்கலாம். பிடிச்சிருக்கிறதாலதான் இப்ப நம்ப மாட்டேன். ஒவ்வொரு எலியையும் தனிக் கூண்டுல வச்சு, முதல்லேருந்து திரும்பப் பண்ணுங்க." கியூவோன் பக்கம் திரும்பினார். "உனக்குப் பாவமா இருந்தா நீ போய் அதுங்க எதிர்ல உக்காந்து சாப்பிடு. கூண்டை மட்டும் தொடாத."

அவன் வெளியே போன பிறகு குரல் மாறியது.

"அந்த பாட்டிலை இன்னிக்கே கொட்டிடு. உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கிறேன். டாக்டருக்குத் தெரியுமா?"

"இல்ல, மேடம்."

"என்கிட்டச் சொன்னது கணக்குல வராது. அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

(பாட்டிலைக் கொட்டினாயா என்று கேட்டேன். "கொட்டினேன்," என்றாள். எல்லாவற்றையுமா என்று கேட்டேன். கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.)

8

ஆகவே மருத்துவமனை. குடல் பரிசோதனை முடிந்து, மயக்கம் தெளிந்து, டாக்டர் கில்லின் அறை. திரையில் அவள் பெருங்குடலின் படம்.

"அடடே!" என்றார் டாக்டர். "எவ்வளவு சுத்தமா ஆறியிருக்கு பாருங்க. போன தடவை இந்த இடமெல்லாம் ரத்தக்களறி. மாத்திரை பிரமாதமாக் கேக்குது. ஊசிப் பேச்சே வேண்டாம். இதையே தொடருங்க."

இளஞ்சிவப்பாக, பளபளவென்று, வேறு யாருடையதோ போல இருந்ததாம். அழுகை வந்ததாம். சந்தோஷத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்துவிட்டது.

"மாத்திரையை அடியோட நிறுத்திட்டியா? ஒண்ணுகூடப் போடலையா?"

ஸெரின் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நடுவுல பயமா இருந்தப்ப... சில நாள் போட்டேன்."

"சில நாள்னா?"

"சில நாள்."

கியூவோனை எலி மாற்றியதற்காகக் குடைந்து எடுத்தவள், தன் கூண்டுக்குள்ளும் யாரும் பார்க்காத நேரத்தில் ஓர் எலியை விட்டிருக்கிறாள். ஆறியது பாலாலா, அவ்வப்போது பயந்து விழுங்கிய மாத்திரையாலா, நோய் தானே கண் அயர்ந்ததாலா? அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. திரையில் இருக்கும் படத்துக்கும் தெரியாது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், டாக்டர் திட்டுகிறார், மாத்திரை ஒழுங்காகத் தொடங்குகிறது. ஆனால் மாத்திரை சேர்ந்துவிட்டால், பால் என்ன செய்தது என்று அவள் உடம்பிலிருந்து இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. (இதைப் பேராசிரியர் ப்யோவிடம் நல்ல பேர் வாங்குவதற்காக எழுதியிருக்கிறேன்.)

அவள் வாயைத் திறக்கவில்லை. நலமாகவே இருக்கிறாள். (அவளை எனக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர இதற்கு ஆதாரம் இல்லை.)

அவள் வாயைத் திறக்கவில்லை. பனிக்காலத்தில் ரத்தம் திரும்ப (இவளை எதற்காகத் தண்டிக்கிறேன்? பாதியில் நிறுத்திவிட்டேன்.)

உண்மையில் என்ன நடந்தது என்று அவளிடமே கேட்டேன். "நீ எதை எழுதுறேன்னு பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள். நான் எழுதினால் அவள் அதைப் பார்த்துத் தன் பதிலை மாற்றிக்கொள்வாள். எனவே நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. அவளும் உங்களைப் பார்த்ததில்லை. அவள் இடத்தில் உட்கார்ந்து நீங்களே முடிவுசெய்யுங்கள்.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க நேரமில்லை. டாக்டர் கில் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாத்திரையைத் தவறாம எடுத்துக்கிட்டீங்கல்ல?" என்கிறார். அது கேள்விகூட இல்லை. அவர் விரல்கள் பதிலை அடிக்க ஆரம்பித்துவிட்டன. வெளியே அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது. ‘ஆம்’ என்ற அந்தச் சொல்லை அவர் அடித்து முடிப்பதற்குள் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும்.